பதினோரு பேருக்கு ஒரு கால்

துறைமுகத்துக்கு வரும் உரத்தைக் கப்பலிலிருந்து எந்திரம் இறக்கும். எந்திரம் எடை போடும், எந்திரம் சாக்கில் அடைத்துத் தைக்கும், வேகன் கதவைக்கூட எந்திரமே திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் அந்த ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிக் சரக்குக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றாக அட்டி அடுக்குவதற்கு மட்டும் மனுசன் வேண்டும். அதற்கும் ஓர் எந்திரம் வந்தது. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் துருப்பிடித்து நின்றுவிட்டது. மனுசன் துருப்பிடிக்க இருபது வருசம் ஆகும், மாற்று ஆளும் வாசலிலேயே நிற்பான் என்பது காண்ட்ராக்டர் ஜெயக்கொடி கண்டுபிடித்த அறிவியல்.

அப்படி அடுக்கிய அட்டி ஒன்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சரிந்தது. கீழே நின்று வரிசை சரிபார்த்துக்கொண்டிருந்த மாசானத்தின் வலது காலில் பதினாலு மூட்டை விழுந்தது.

மாசானத்துக்கு ஐம்பத்தாறு வயது. தோள்பட்டை இறங்கிப்போய் அஞ்சு வருசமாக மூட்டை தொடுவதில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட அந்தச் செட்டில் தூக்காத ஆள் அவர் ஒருவர்தான். வரிசை பார்ப்பது, கொக்கிக்குக் கூர் போடுவது, தண்ணீர்ப் பானை நிரப்புவது அவர் வேலை. தூக்குகிற பதினோரு பேரும் கால் தப்பி நிற்க, தூக்காதவரின் கால் நொறுங்கியது. ஜெயக்கொடி தன் ஜீப்பிலேயே அவரைப் போட்டு, பைபாஸ் ரோட்டில் இருக்கும் கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். ஜெயக்கொடி ஜீப் கொடுத்தான் என்றதும் மாசானத்துக்கு வலியைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

மத்தியானம் டாக்டர் ஸ்ரீவத்சன் வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது வயது, சென்னைக்காரர். கிட்டங்கித் தொழிலாளி ஒருத்தர் பக்கத்தில் அவர் உட்கார்ந்து மாசானம் பார்த்ததில்லை.

"பயப்படாதீங்க மாசானம். முழங்காலுக்குக் கீழ எலும்பு நொறுங்கி ஒரு பள்ளம் விழுந்திருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் உள்ள போகும். அதை நிரப்பணும். முன்னாடியெல்லாம் உங்க இடுப்பெலும்புலேர்ந்து சுரண்டி எடுத்து இங்க அடைப்பாங்க. இடுப்பும் வலிக்கும், காலும் வலிக்கும், நாலு மாசம் படுத்த படுக்கை. இப்போ அதெல்லாம் எதுக்கு? பீங்கான் வெச்சுடலாம்."

மாசானத்தின் பார்வை பக்கத்து மேசையிலிருந்த டீக் கோப்பைக்குப் போனது.

"டீ குடிக்கிற பீங்கான் இல்ல. எலும்புல என்ன உப்பு இருக்கோ அதே உப்புல சுட்டெடுத்த பொடி. கூழாக்கி ஊசியில ஏத்தினா அரை மணி நேரத்துல இறுகிடும். பழைய பீங்கான் சும்மா கிடக்கும், அது பாட்டுக்குக் கரையும். இது அப்படி இல்ல. இதுக்குப் பளு தெரியும். மேல எடை விழ விழ, எலும்பு கட்டுற செல்லுங்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும். ஒரு வருஷத்துல பீங்கான் பூரா போய், அந்த இடத்துல உங்க சொந்த எலும்பே நிக்கும்."

"எடை விழலைன்னா சார்?"

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. "நடந்தாலே எடைதானே," என்றவர் மடியிலிருந்த பலகைத் திரையை மாசானத்தின் பக்கம் திருப்பினார். "நான் சொன்னா நம்ப வேண்டாம். உங்க செட்டு ஆளுங்க படத்தையே பாருங்க. இது கொம்பையா, பதினெட்டு மாசம் கழிச்சு. இது லூர்து. இது பொன்பாண்டி. ஏதாவது குறை தெரியுதா? பிறந்த எலும்பு மாதிரி இருக்கு."

பிறந்த எலும்புதான். மாசானம் தன் காலைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெள்ளைப் புள்ளி தெரியுதா? பதினோரு பேருக்கும் அதே இடத்துல இருக்கு. பீங்கான் கரைஞ்ச பிறகும் கரையாம நிக்கிற மையம் இது. மூல விதைன்னு நான்தான் பேர் வெச்சேன். அந்தக் கட்டுரைக்கு சிங்கப்பூர்ல பரிசு குடுத்தாங்க."

பதினேழு வயதில் ரயில்பாதை வேலையில் சம்மட்டி முனை தெறித்து மாசானத்தின் எலும்புக்குள் போய் உட்கார்ந்த அரை அரிசி இரும்பு அது. சிங்கப்பூர் வரைக்கும் போய் வந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமை இந்தப் பீங்கானைப் பார்க்க டில்லியிலேர்ந்து அனுமதிக் குழு வருது. நாளன்னைக்கு வியாழன் காலையில உங்களுக்கு வெச்சுடலாம். சிஸ்டர், கையெழுத்து வாங்கிடுங்க," என்று எழுந்து போனார் டாக்டர்.

அந்த இரும்பு பதினோரு பேர் படத்திலும் எப்படி வந்தது என்பதற்கு மூன்று வருசம் பின்னால் போக வேண்டும். அப்போது இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கிட்டங்கி வாசலுக்கே வந்து கூடாரம் அடித்தார்கள். வலது தோளில் சுமை ஏற்றுகிறவனுக்கு வலது முழங்காலுக்குக் கீழேதான் எலும்பு தேயும். தூக்குகிற பதினோரு பேரையும் படம் பிடித்தார்கள், எல்லோர் எலும்பிலும் ஓட்டை இருந்தது. இருபது வருசம் மூட்டை தூக்கினவன் எலும்பில் ஓட்டை இல்லாமல் முத்தா இருக்கும்? முறியும்வரை காத்திருப்பானேன், முன்கூட்டியே பீங்கானை ஏற்றிவிடலாம், இலவசம் என்றார்கள். ஜெயக்கொடி எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுத்தான். அவர்களிடம் கேட்பதை அப்புறம் வைத்துக்கொண்டார்கள். மாசானத்தை மட்டும் கழித்தார்கள். தூக்காத ஆளுக்கு இந்தப் பீங்கான் ஆகாது என்று கூடாரத்தில் வைத்துச் சொன்னது இதே ஸ்ரீவத்சன்தான்.

பீங்கான் ஏறியபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தரும் சோதனைக்குப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆகும். வேகன் வந்து நின்றால் ஒன்பது மணி நேரத்தில் காலி செய்தாக வேண்டும், ஓர் ஆள் குறைந்தால் மற்றவன் முதுகு பிளக்கும். சோதனை நாள் பார்த்தா வேகன் வருகிறது? முதல் தடவை கொம்பையாவின் முறை வந்தபோது வாசலில் மூன்று வேகன் நின்றது.

"மாசானம் சும்மாதான கெடக்காரு. அவரு போவட்டும்," என்றார் கொம்பையா. "கால்தான பாக்கப் போறான், மூஞ்சியவா பாக்கப் போறான்."

மாசானம் அந்தக் காலத்தில் இடது தோளில் சுமந்தவர், வலது கால் எலும்பு தேயவில்லை. கொம்பையாவின் அட்டையை எடுத்துக்கொண்டு போனார். கைரேகை எந்திரத்தில் விரலை வைத்தார். சாக்கும் கொக்கியும் தேய்த்த விரலில் ரேகை ஏது? 'பதியவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். அட்டையிலிருந்த படம் கரித்துணி மாதிரி இருந்தது. முன்மேசைப் பெண் படத்தையும் அவரையும் பார்த்துவிட்டு, "உங்க ஆளுங்க எல்லாரும் பாக்க ஒரே மாதிரி இருக்கீங்க," என்று சிரித்தாள். மாசானமும் சிரித்துவைத்தார். உள்ளே குதிக்கச் சொன்னார்கள், குதித்தார். ஓடச் சொன்னார்கள், ஓடினார். காலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஊசித் தழும்பு இருக்கிறதா என்று வேட்டியைத் தூக்கச் சொல்லவில்லை. எல்லோரும் திரையையே பார்த்தார்கள். கொம்பையாவின் உயரம் மூன்று விரற்கடை குறைந்திருந்தது. அதற்கும் ஒரு காரணம் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து லூர்துவுக்காகப் போனார். அதற்கடுத்து இன்னொருவருக்காக. இரண்டு வருசத்தில் கிட்டத்தட்ட வாரம் ஒரு பெயரில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். நர்ஸ் ரெஜினா மட்டும் நாலாம் தடவையே கண்டுபிடித்துவிட்டாள். அவள் அப்பாவும் மூட்டை தூக்கியவர். யாரிடமும் சொல்லாமல், "இன்னைக்கு என்ன பேரு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்பாள்.

இது விளையாட்டாக இருந்தது ஒரு வருசம்தான். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எட்டு நாள் லீவு விட்டபோது தெரிந்தது. ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்த கொம்பையா, ஈர மணலில் நிற்கிற மாதிரி கால் இறங்குகிறது என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் மூட்டை தூக்கியதும் சரியாகிவிட்டது. பீங்கான் எலும்பாகவே மாறவில்லை. பளு இருக்கிறவரை கல்லாக நின்றது, பளு இல்லையென்றால் உடம்பு அதை வேண்டாத பொருளாக எண்ணிக் கரைக்க ஆரம்பித்தது. டாக்டர் யாரும் இதைச் சொல்லவில்லை, பதினோரு பேரும் தங்கள் காலை வைத்தே படித்துக்கொண்டார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தார்கள். காய்ச்சலோடு வந்தார்கள். மகள் கல்யாணத்தன்று காலையில் நாற்பது மூட்டை தூக்கிவிட்டுப் போய்ப் பந்தலில் நின்றார் லூர்து. ஜெயக்கொடிக்கு மெத்தச் சந்தோசம். யாரும் கேட்காத லீவை அவன் ஏன் கொடுக்கப் போகிறான்?

பொன்பாண்டிக்கு மஞ்சள்காமாலை வந்தது. மாசானத்தின் மனைவி சந்தனமாரிக்கு உடன்பிறந்த தம்பி அவன். இருபத்தாறு நாள் படுத்தே கிடந்தவன் எழுந்து நின்றதும் கால் பச்சைப் புடலங்காய் மாதிரி மடங்கியது. அன்றையிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னால் மற்றப் பத்துப் பேரையும் கட்டிலில் போட்டு மாசக்கணக்கில் சோதிப்பார்கள், கட்டிலில் போட்டாலே கால் போய்விடும் என்று செட்டு பயந்தது. ஆகவே வாயை மூடிக்கொண்டது. அடுத்த சோதனைக்குப் பொன்பாண்டியின் பெயரிலும் மாசானமே போனார். இரண்டு காலாலும் குதித்தார்.

சாயங்காலம் சந்தனமாரி தூக்குவாளியோடு வந்தாள். டாக்டர் சொன்னதை மாசானம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். அவள் முகம் மாறவில்லை, கரண்டி ஆற்றுகிற வேகம்தான் மாறியது.

"ஒங்க காலக் காட்டியே ஒங்க காலுக்கு யாவாரம் பேசுதான். நல்லா இருக்கு."

"சத்தம் போடாத."

"நான் எங்க சத்தம் போட்டேன்? எந்தம்பி வீட்டுல கால மடிச்சி வச்சிட்டு ஒக்காந்திருக்கான். நீங்க அவன் பேரச் சொல்லிக் குதிச்சிட்டு வந்திய. ஆஸ்பத்திரியில போட்ட பிரியாணிய வேற பொட்டலம் கட்டிக் கொண்டாந்திய. அத நானுந்தான தின்னேன்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"ஒங்க தோளு மூட்டை தாங்குமா?"

"தாங்காது."

"அப்பம் கால் கரைஞ்சிரும். எத்தன நாளு, எந்தம்பி மாதிரி ஒரு மாசமா?" கரண்டியை வாளிக்குள் போட்டாள். "வாயத் தொறந்து சொல்லுங்க. பதினோரு பேருக்காவக் குதிச்சவரு ஒமக்காவ ஒரு வாத்த பேச மாட்டீரா?"

அவள் 'நீர், உமக்கு' என்று இறங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புதன்கிழமை காலை டாக்டர் வந்ததும் மாசானம் எல்லாவற்றையும் சொன்னார். கொம்பையாவின் அட்டை, ரேகை பதியாத விரல், சம்மட்டி முனை, வாரம் ஒரு பெயர். டாக்டர் கத்துவார், போலீஸைக் கூப்பிடுவார், குறைந்தது நாற்காலியை விட்டாவது எழுந்துகொள்வார் என்று எதிர்பார்த்தார். ஸ்ரீவத்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்ல வேண்டாம். தப்பு உங்க மேல. ஆள் மாறாட்டம். ஆனா நான் அதைப் பெருசு பண்ணப் போறதில்ல. நீங்களும் பெருசு பண்ணாதீங்க. நாளைக்குக் காலையில வெச்சுடலாம்."

"எனக்கு அது வேண்டாம் சார். இடுப்பெலும்பு எடுத்தே வைங்க."

"இங்க அது செய்யறதில்லை."

"தூக்காத ஆளுக்கு ஆகாதுன்னு நீங்கதான் சார் அன்னைக்குச் சொன்னிய."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் முன்னைவிட மரியாதையாக இருந்தது. "மாசானம், நீங்க வெளிய பேசினா என்ன ஆகும் தெரியுமா? குழு அந்தப் பதினோரு பேரையும் கூப்பிடும். ரெண்டு மாசம் படுக்க வெச்சு சோதனை பண்ணும். ரெண்டு மாசம் படுத்தா அவங்க கால் என்ன ஆகும்? அதை நினைச்சுப் பாருங்க. பாவம் புள்ளகுட்டிக்காரங்க."

அவர் போன பிறகும் மாசானம் அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தால் கரையும் என்று அவர் சொல்லவே இல்லை. பொன்பாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. ஆள் மாற்றிப் போனதை மட்டும்தான் சொன்னார். கரைவது இந்த மனுசனுக்கு எப்படித் தெரிந்தது?

கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா ஊசித் தட்டோடு வந்தாள். ஊசி போடவில்லை. தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"படுத்தா கரையும்னு டாக்டருக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஆட்டுல போட்டுப் பாத்தப்பவே தெரியும் அண்ணாச்சி. கட்டிப் போட்ட ஆட்டுக்கெல்லாம் கால் போயிட்டு. அந்த ஃபைல நாந்தான் அடுக்குனேன். மனுசனுக்கு அப்படி ஆகலன்னு ஒங்க படத்த வச்சுத்தான் எழுதுனாவ. நீங்க பேர மாத்திட்டு வாறதுகூட டாக்டருக்குத் தெரியாது, நேத்து வரைக்கும்."

"நேத்து நான் ஒண்ணும் சொல்லலியே."

"மெசினு சொல்லிட்டு. குழு வருதுன்னு போன வாரம் புது மெசினு எறக்கியிருக்காவ. எலும்ப வச்சே ஆளைச் சொல்லும். நேத்து ஒங்க ஒடஞ்ச காலப் படம் புடிச்சதும் செவப்பா வந்துச்சு. இந்த எலும்பு ஏற்கெனவே பதினோரு பேர்ல இருக்குன்னு. ஒங்ககிட்ட வந்து பேசுததுக்கு முன்னாலயே டாக்டரு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மெசின் பழுதுன்னு எழுதச் சொன்னாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, அந்தப் பதினோரு பேரு படமும் பொய்யிங்கிறதுக்கு ஒலகத்துல ஒரே சாட்சி ஒங்க காலுதான். பீங்கான் போடாத காலு. நாளைக்கி அதுலயும் போட்டுட்டா, அப்புறம் யாரு வந்து கேட்டாலும் காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

மாசானம் துணி சுற்றிய தன் காலைப் பார்த்தார். இவ்வளவு நாள் அடுத்தவன் பெயரில் திரிந்த கால். இப்போதுதான் அதற்கு அவர் பெயரே வந்திருக்கிறது, அதையும் ஊசி வைத்து அடைக்க வருகிறார்கள்.

"இடுப்பெலும்பு எடுத்து எங்கம்மா வப்பாவ?"

"பெரியாஸ்பத்திரில இன்னும் செய்யிறாவ. கட்டில்தான் ஒழுங்கா இருக்காது."

"காலு ஒழுங்கா இருக்குமா?"

"இருக்கும்."

"அப்பம் கொம்பையாவுக்கு ஒரு போன் போடு."

மத்தியானம் வேகன் இடைவெளியில் கொம்பையா, லூர்து, இன்னும் இரண்டு பேர் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாசானம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் வெளிய சொல்லிட்டா ஒங்களையும் கூப்பிட்டுப் படுக்கப் போடுவாவளாம். யோசிச்சிக்கிடுங்க," என்றார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"யோசிக்கதுக்கு என்ன கெடக்கு," என்றார் கொம்பையா. "எட்டு நாளு படுத்தா போற காலு, எங்க கால்னு சொல்லுததே கேவலம். நீரு தலமாட்டப் புடியும்வே லூர்து."

கட்டிலோடு தூக்கினார்கள். லிப்ட் வழியாக விட மாட்டேன் என்றான் காவலாளி. டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளியைக் கொண்டுபோகக் கூடாதாம்.

"நாங்க நோயாளியக் கொண்டு போவல, சரக்கு எறக்குதோம்," என்றார் லூர்து. "மாடிப்படி வழியாவே போறோம். எங்களுக்கும் அதான் நல்லது."

மூன்று மாடியும் படியில் இறங்கினார்கள். ஒரு தடவைகூட வைத்து எடுக்கவில்லை.

"கனமாத்தான்வே இருக்கீரு," என்றார் கொம்பையா, பின்னால் திரும்பாமலே. "நல்லது."

டாக்டர் ஸ்ரீவத்சன் இரண்டாம் மாடி வளைவில் எதிர்ப்பட்டார். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். வேறு என்ன செய்ய? கட்டில் அவ்வளவு அகலம்.

பெரியாஸ்பத்திரியில் கட்டில் நிஜமாகவே ஒழுங்காக இல்லை. ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள், கையால் தொட்டு. பழைய படங்களின் நகலை ரெஜினா கொடுத்தனுப்பியிருந்தாள். அவற்றையும் புதிதாக எடுத்த படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அன்றைக்கே அனுமதிக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். மறுநாள் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துப் பள்ளத்தை அடைத்தாள். அரை அரிசி இரும்பையும் வெளியே எடுத்துச் சீசாவில் போட்டுக் கடிதத்தோடு இணைத்தாள். மாசானம் வாக்குமூலம் கொடுத்தார். ரேகை பதியாததால் கையெழுத்துப் போட்டார், முப்பது வருசத்துக்கு அப்புறம்.

குழு நேர்மையான குழுதான். யாரும் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. டில்லியில் உட்கார்ந்து பத்து வாரம் படித்தார்கள். பதினோரு பேரின் படங்களையும் தள்ளுபடி செய்தார்கள். ஆட்டு ஃபைலைக் கேட்டு வாங்கினார்கள். அதற்கப்புறம் அனுமதி கொடுத்தார்கள்.

அந்தச் செய்தியைக் கொம்பையாதான் கொண்டுவந்தார், ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில். பத்துப் பேரும் வந்தார்கள். ஒவ்வொருத்தர் தோளிலும் ஐம்பது கிலோ மணல் மூட்டை இருந்தது. வேகன் இல்லாத நாள், வேறு வழியில்லை. வார்டு வாசலில் ஆயா தடுத்திருக்கிறாள். மூட்டை உள்ளே வரக் கூடாது என்றாளாம். மூட்டை வராவிட்டால் நாங்களும் வர முடியாது என்று விளக்கம் சொல்லி உள்ளே வந்திருக்கிறார்கள். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேரும் மூட்டையோடு நிற்க, பக்கத்து நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"உண்மையச் சொன்னீருல்லா? அப்படியே எடுத்துக்கிட்டான்," என்றார் கொம்பையா. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கம்பெனிக்காரன் ஊர் ஊராகக் காண்ட்ராக்டர்களுக்கு அனுப்பியது. ஜெயக்கொடி கிட்டங்கிச் சுவரில் ஒன்று ஒட்டியிருக்கிறானாம். மாசானம் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'கடும் உழைப்பாளிகளுக்கு மட்டும். ஓய்வில் இருப்பவர்களுக்கு ஏற்றதல்ல. இந்த எலும்பு உள்ள தொழிலாளி விடுப்புக் கேட்க மாட்டார்.'

"நம்ம நோவ வெளம்பரமா எழுதிட்டான் பாத்தீரா," என்றார் லூர்து. "இனி நாடு பூரா போடுவான்."

"அந்த டாக்டரு?"

"டில்லிக்கி மாத்திட்டாவ. பெரிய வேல."

மூட்டையைத் தோள் மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒமக்கு எப்படி இருக்கு?" என்றார் கொம்பையா.

"எலும்பு கூடுதுன்னு சொல்லுதாவ. இன்னும் ஒண்ணர மாசம் அசையக் கூடாது."

"மொத்தம் எத்தன மாசம்?"

"நாலு."

"நாலு மாசம்," என்றார் கொம்பையா. கல்யாணச் சாப்பாட்டில் எத்தனை வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிற மாதிரி இருந்தது. "படுத்தேவா?"

"படுத்தேதான்."

"முதுகு வலிக்காதாவே?"

"வலிக்கும். அப்புறம் பழகிரும்."

கொம்பையாவின் பார்வை பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அங்கிருந்தவன் காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தான். மெத்தையில் பள்ளம் விழுந்திருந்தது, விரிப்பு இல்லை. டாக்டரம்மா அந்த வரிசை முடித்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்று கூப்பிட்டார் கொம்பையா. "இருக்கிற பீங்கானத் தோண்டி எடுத்துட்டு, எங்க இடுப்பெலும்ப அங்க வைக்க முடியுமா?"

அவள் அவரையும் மூட்டையையும் பார்த்தாள். "முடியும். ஒவ்வொருத்தரா. ஒருத்தருக்கு நாலு மாசம் ஆகும். அந்த நாலு மாசமும் தூக்கக் கூடாது, நடக்கக் கூடாது. உங்க காண்ட்ராக்டர் விடுவாரா?"

"அவன்கிட்ட யாரு கேக்கப் போறா?"

கொம்பையா மூட்டையை இறக்கித் தரையில் வைத்தார். இரண்டு வருசத்தில் வேலையில்லாத பகல்பொழுதில் அவர் மூட்டையை இறக்கி வைத்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்து, மல்லாந்து படுத்து, மேற்கூரையைப் பார்த்தார்.

ஒன்பது பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்திரியும்வே என்று ஒருவரும் சொல்லவில்லை.

"என்னலே பாக்கிய," என்றார் கொம்பையா, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கி ரெண்டு வேகன் வருது. எம் பங்கையும் சேத்துத் தூக்குங்க."

லூர்து குனிந்து, தரையிலிருந்த மூட்டையை இன்னொரு தோளில் ஏற்றிக்கொண்டார்.